பதினோரு நாள் பதின்மூன்று டிகிரி

விருந்துக்கு இரண்டு நாள் இருந்தபோது கப்பல்காரர் டிகிரியைப் போனில் அழைத்தார். ஒயின் பாட்டில்கள் ஆறும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன, சமையலறையை ஒட்டிய சிற்றறையில் நிமிர்த்தி நிறுத்தியாயிற்று, வண்டல் அடியில் இறங்கும்வரை அந்தப் பக்கம் யாரையும் அழுத்தி நடக்கக்கூட விடுவதில்லை என்றார். பேச்சை முடிக்கப் போகிறவர் போல நிறுத்திவிட்டு, ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். “அந்த நோட்டையும் எடுத்துட்டு வந்துடு.”

டிகிரி சரி என்றார். பேசி முடித்த பிறகும் போன் வெகுநேரம் அவர் காதிலேயே இருந்தது என்று அவர் மனைவி சொல்கிறார். பாட்டில்களைப் பற்றி இரண்டு ஆண்டுகளாகப் பயந்துகொண்டிருந்தவருக்கு, நோட்டைப் பற்றியும் பயப்பட வேண்டும் என்று அதுவரை தோன்றியிருக்கவில்லை.

டிகிரி என்பது நண்பர்கள் நாங்கள் வைத்த பெயர். காலேஜ் வாசலை மிதிக்காமலே டிகிரி வாங்கிய ஒரே ஆள் என்று கேலி செய்வோம். குளிர்சாதன மெக்கானிக். பதினேழு வயதில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் சேர்ந்து, கசாப்புக் கடைகளின் குளிர் அறைகள், மருந்துக் கிடங்குகள், பூக்கடைகளின் கண்ணாடிப் பெட்டிகள் என்று முப்பத்தைந்து வருடமாக மற்றவர்களின் பொருள் கெடாமல் பார்த்துக்கொள்வதே வேலை. சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். காப்பியைக் கொடுத்தால், குடிப்பதற்கு முன் “அறுபத்தெட்டு” என்பார். கல்யாணமான முதல் வாரத்தில் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கை வைத்துச் சொன்ன எண்ணும் ஆஸ்பத்திரி சொன்ன எண்ணும் ஒன்றாகவே இருந்ததாம். அதைத் தவிர அந்த வாரத்தில் அவர் ஆசையாக எதுவும் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்பார் அந்த அம்மாள்.

அவரை நல்லவர் என்று சொல்ல என்னிடம் இருக்கும் சான்று குறைவு. ஒருவரை நல்லவர் என்று சொல்லத் தேவையான அளவுக்கு நாம் யாரையும் பார்ப்பதில்லை. ஆனால் துல்லியமானவர் என்பதற்குச் சான்று வேண்டிய மட்டும் உண்டு. அந்த நோட்டே ஒரு சான்று.

கப்பல்காரர் கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் எஞ்சின் அறையில் கழித்தவர். இளம் வயதில் ஸ்பெயினின் வடக்குத் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதாகி ஏழு வாரம் கிடந்தபோது, அங்கிருந்து அரை நாள் தூரத்தில் இருக்கும் ரியோஹாவுக்கு யாரோ அழைத்துப் போயிருக்கிறார்கள். சிவப்பு ஒயினுக்குப் பெயர் போன நிலம் அது. ஒயினை மரப் பீப்பாயில் சில வருடம், பிறகு பாட்டிலில் பல வருடம் வைத்து, அவசரமே இல்லாமல் முதிர விடுவார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் கப்பல் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டு பாட்டில் வாங்கி வந்தார். மொத்தம் பன்னிரண்டு சேர்ந்தது. ஓய்வு பெற்ற பிறகு, சொந்தமாக ஒரு தோட்டம் வாங்கி, அதில் மேசை போட்டு, நண்பர்களோடு குடிக்க வேண்டும் என்பது திட்டம். கடலில் இருக்கும் மனிதனுக்குத் தோட்டம் எவ்வளவு பெரிய சொல் என்பது கரையில் இருப்பவர்களுக்குப் புரியாது என்பார்.

அவருடைய பழைய வீடு மொட்டை மாடிக்குக் கீழே வெந்துகொண்டிருந்த அடுக்குமாடி வீடு. எனவே பாட்டில்களைப் பத்தொன்பது வருடங்களுக்கு முன் டிகிரியிடம் ஒப்படைத்தார். டிகிரி தன் பட்டறையின் நிலவறையில் ஒரு சின்னக் குளிர் அறை கட்டினார். மூடிப்போன கசாப்புக் கடை ஒன்றின் கனத்த கதவு, நாலு அங்குலத் தடுப்புச் சுவர், தன் கையால் பொருத்திய இயந்திரம். பன்னிரண்டு பாட்டிலுக்கு அவ்வளவு பெரிய கதவா என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பதின்மூன்று டிகிரி. காலையும் மாலையும் பார்த்து ஒரு தடித்த கணக்கு நோட்டில் எழுதுவார். பன்னிரண்டு புள்ளி எட்டு, பதின்மூன்று புள்ளி இரண்டு, பன்னிரண்டு புள்ளி ஒன்பது. பக்கத்தில் ஒரு வார்த்தை: மழை, கரன்ட் இல்லை, கதவு திறந்தது. வருடங்கள் இப்படியே போயின.

இரண்டு கோடைக்கு முன் அவர் மனைவிக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னவர்கள் பதினோரு நாள் வைத்துக்கொண்டார்கள். நடுவில் இரண்டு நாள் டாக்டர்கள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. டிகிரி கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு எழவில்லை. வெளியே அந்த வருடத்தின் கொடும் வெயில். பட்டறை பூட்டிக் கிடந்தது. மனைவியை வீட்டில் படுக்க வைத்துவிட்டுப் போய் அந்தக் கதவைத் திறந்தபோது, உள்ளேயிருந்து முகத்தில் அடித்தது வெந்நீர்க் குளியலறையின் காற்று. தெர்மாமீட்டரில் முப்பத்து நாலு.

இயந்திரத்தின் வெளி ஃபேனில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் போயிருந்தது. விரல் பருமன்கூட இல்லாத சாமான். மற்றவர்களுக்கு இரண்டு கோடைக்கு ஒரு முறை கேட்காமலே மாற்றிவிடுவார், தன்னுடையதை மாற்றவில்லை. குளிரூட்டல் நின்றுவிட, உள்ளே காற்றைச் சுழற்றும் ஃபேன் மட்டும் ஓடி ஓடித் தன் சூட்டையும் அறைக்குள் கொட்டியிருந்தது. நாலு பாட்டில்களில் கார்க் ஒரு நூல் அளவு மேலே எழும்பியிருந்தது. மூன்றின் கழுத்தில் பிசுபிசுப்பாகச் சிவப்புக் கோடு. துடைத்தார். கார்க்குகளைக் கட்டை விரலால் அழுத்தினார். கெப்பாசிட்டரை மாற்றி, இயந்திரத்தை அதன் முழு வேகத்தில் ஓட விட்டார். மறுநாள் காலைக்குள் அறை ஏழுக்கு இறங்கிவிட்டது.

பால், இறைச்சி, மருந்து, எதுவானாலும் சூடேறியதை உடனே குளிர வை என்பதுதான் அவர் தொழிலின் முதல் பாடம். அதை அவர் யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. ஆறு மாதம் கழித்து, எங்கள் நண்பர் பல்டாக்டரின் கிளினிக்கில், பாதி வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, மேசையில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டினார். ஒயின் பற்றி ஒரு பக்கம். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தாண்டிக் கசியும். அதைவிட மோசம், பிறகு சட்டென்று குளிர வைத்தால் சுருங்கி, அதே வழியாக வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சூடாகிவிட்டால் நாள் கணக்கில் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். டாக்டர் கூப்பிட்டபோது டிகிரி எழுந்துபோய் மரத்த வாயைத் திறந்தார். எந்தப் பல் என்று கேட்டதற்கு வேறு பல்லைக் காட்டினார். டாக்டருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

ஆக, நின்றுபோனது இயந்திரம். கெடுத்தது தன் கையாக இருக்கலாம். இருக்கலாம் என்பதுதான் கொடுமை. பாட்டிலைத் திறக்காமல் தெரியாது. திறந்தாலும் முழுக்கத் தெரியாது.

அதற்கு முன்பே நோட்டுக் காரியம் நடந்துவிட்டிருந்தது. குளிர் அறையைச் சரிசெய்த அன்றே நோட்டை எடுத்து உட்கார்ந்தார். பதினோரு நாள், இருபத்திரண்டு காலி இடங்கள். இயந்திரம் நின்றதைக்கூட அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது, அந்த வெள்ளைத் தாளைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பேனாவை எடுத்து மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போனார். 13.0. 13.0. 13.0. யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னால் தன் உடம்பால்தான் இப்படி ஆயிற்று என்று மருகுவாள். கப்பல்காரரிடம் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் பார்த்தே இரண்டு வருடம் ஓடியது.

இப்போது நோட்டைக் கொண்டு வரச் சொல்கிறார். கப்பல்காரர் பழைய கதைகள் சொல்லும்போது எப்போதும் சொல்லும் ஒன்று டிகிரிக்கு நினைவுக்கு வந்தது. எஞ்சின் அறையில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் அழுத்தம், சூடு எல்லாவற்றையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரே எண் மூன்று தடவை வந்தால் மீட்டர் செத்துப்போச்சு, நாலாவது தடவையும் வந்தால் எழுதுறவன் தூங்கிட்டான். இதைச் சொல்லித் தானே சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். டிகிரியும் சிரித்திருக்கிறார்.

அந்த இரண்டு நாளும் அவர் என்னவெல்லாம் யோசித்தார் என்பதை வெட்கத்தோடுதான் எனக்குச் சொன்னார். பக்கத்தைக் கிழிக்கலாம், ஆனால் பின்பக்கம் உண்மையான நாட்கள் இருந்தன. நோட்டின் மேல் காப்பியைக் கொட்டலாம், ஆனால் பத்தொன்பது வருடத்தில் கொட்டாத காப்பி இன்று ஏன் கொட்டும்? பூஜ்யத்தை எட்டாக மாற்ற முடியுமா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்தார். பூஜ்யத்தை எட்டாக மாற்றியது போலவே இருந்தது. கடைசியில் நோட்டை ஒரு துணிப் பையில் போட்டு, பையைக் காரில் பின்சீட்டுக்குக் கீழே வைத்தார். மறந்துவிட்டேன் என்று சொல்வதற்கும் எடுத்து வந்தேன் என்று சொல்வதற்கும் நடுவில் அது கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு நாங்கள் கூடினோம். கப்பல்காரர், அவர் மனைவி, டிகிரி தம்பதி, பல்டாக்டர், நான். கப்பல்காரர் ஓய்வு பெற்று வாங்கிய வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை மரங்களுக்கு நடுவில் நீளமான மேசை, வெள்ளைத் துணி, ஆளுக்கு மூன்று கிளாஸ். காற்று எழும்போதெல்லாம் துணி பறக்காமலிருக்க டிகிரியின் மனைவி மூலைகளில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். திரைச்சீலை தைப்பது அவர் தொழில், தளர்ந்து கிடக்கும் துணியைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. அடுப்பில் ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருந்தது. ரொட்டி, பாலாடைக்கட்டி, வறுத்த பாதாம் எல்லாம் மேசைக்கு வந்தாயிற்று. டிகிரி இரண்டு தடவை காரைப் பூட்டிவிட்டோமா என்று பார்க்கப் போனார்.

“நோட்டு எங்க?” என்றார் கப்பல்காரர், டிகிரி உட்காருவதற்கு முன்பே.

“எதுக்குண்ணா அது, வெறும் நம்பர்தானே.”

“ஒயினுக்கு ஜாதகம் அதுதானே. ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்னாடி ஒரு பக்கம் படிக்கப் போறேன்.”

டிகிரியின் மனைவிதான் போய் எடுத்து வந்தார். “சீட்டுக்கு அடியில கெடந்ததுங்க” என்று கப்பல்காரரின் கையில் கொடுத்தார்.

முதல் பாட்டில் பன்னிரண்டில் இளையது, இருபத்தேழு வயது. முதிர்ந்த கார்க் திருகாணிக்குத் தாங்காது என்பதால், இரண்டு மெல்லிய தகடுகளைக் கார்க்கின் பக்கவாட்டில் இறக்கி, மெல்லத் திருகித் திருகி எடுப்பார் கப்பல்காரர். பிறகு ஒரு டார்ச்சைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, வண்டல் வரும் தருணம்வரை கண்ணாடிக் குடுவையில் சாய்ப்பார். அந்த வேலை நடக்கும்போது எல்லோர் கண்ணும் டார்ச் வெளிச்சத்தில் இருந்தது. டிகிரி கார்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்க்கின் ஒரு பக்கத்தில் சிவப்புக் கோடு மேல்வரை ஏறியிருந்தால், அந்தப் பாட்டில் கசிந்தது. இதில் பாதி வரைதான் இருந்தது.

ஒயின் செங்கல் நிறத்தில் இருந்தது, விளிம்பில் இளம் ஆரஞ்சு. மூக்கருகே கொண்டுபோனால் உலர்ந்த அத்திப்பழம், பழைய தோல் பை, எங்கோ தூரத்தில் வெனிலா. கப்பல்காரரின் மனைவி, புத்தக அலமாரியைத் திறந்த மாதிரி இருக்கிறது என்றார். பல்டாக்டர் கிளாஸைச் சாய்த்து, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார். “இன்னும் பல்லு விழல” என்றார். அவர் கொடுக்கும் உயர்ந்த சான்றிதழ் அது.

டிகிரி குடித்தார். ஒன்றும் தெரியவில்லை. நாக்கு காதாக மாறிவிட்டது, எல்லோரும் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும்தான் வாங்கிக்கொண்டது என்று பிறகு சொன்னார்.

கப்பல்காரர் நோட்டைத் திறந்து முதல் வருடத்திலிருந்து நாலு வரி படித்தார். பதின்மூன்று புள்ளி ஒன்று, மழை. பன்னிரண்டு புள்ளி ஒன்பது. பதின்மூன்று புள்ளி நாலு, கரன்ட் இரண்டு மணி நேரம் இல்லை. பல்டாக்டர், இதில் காதல் கடிதம் ஏதும் இல்லையா என்று கேட்டார்.

“எனக்கே ஒரு வரி எழுதினதில்ல, பாட்டிலுக்கா எழுதப் போறாரு?” என்றார் டிகிரியின் மனைவி.

இரண்டாவதும் நன்றாக இருந்தது. ஆட்டுக்கறி வந்தது. டிகிரியின் தட்டில் வைத்தது வைத்தபடி ஆறிக்கொண்டிருந்தது. எத்தனை டிகிரி என்று நான் கேலியாகக் கேட்டபோது, அவர் கை தெர்மாமீட்டர் பக்கம் போகவே இல்லை. அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

மூன்றாவது பாட்டிலின் கார்க் பாதியில் உடைந்து, தூள் தூளாக உள்ளே விழுந்தது. வலையில் வடிகட்டினார்கள். நிறம் காய்ந்த இலை நிறம். வாசனை வந்ததும் யாரும் கிளாஸைத் தூக்கவில்லை. நகச்சாயமும் காடியும் கலந்த நெடி. கப்பல்காரர் மட்டும் ஒரு வாய் குடித்து, அதைப் புல்லில் துப்பினார்.

“போயிடுச்சு” என்றார். “வயசாயிடுச்சு. முப்பத்தொம்பது வருஷம். அதைக் குத்தம் சொல்லக் கூடாது.”

வயது என்ற அந்தச் சொல்லை டிகிரியின் முன்னால் யாரோ தட்டில் வைத்து நீட்டியதுபோல இருந்தது. எடுத்துக்கொண்டால் போதும். கேட்டது யாருமில்லை, சொன்னவர் பாட்டிலின் சொந்தக்காரர். டிகிரி ஒரு பாதாமை எடுத்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

அடுத்த பாட்டிலுக்கான பக்கத்துக்காகக் கப்பல்காரர் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினார். எண்களின் மேல் அவர் விரல் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த விரலை டிகிரி பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், காரணம் தெரியாமல். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒரு வரி கீழே போனது, இன்னொரு வரி, பக்கத்தின் அடிவரை. பிறகு மேலே போய்த் தேதியைத் தொட்டது. கப்பல்காரர் நிமிர்ந்து டிகிரியைப் பார்க்கவில்லை. டிகிரியின் மனைவியைத்தான் ஒரு கணம் பார்த்தார். அந்தக் கோடையில் கப்பல்காரர் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போய்வந்தவர். நாற்காலியில் டிகிரி வாய் பிளந்து தூங்கியதைப் பார்த்தவர்.

எதையும் படிக்காமல் நோட்டை மூடி, ரொட்டிக் கூடைக்கு அருகில் வைத்துவிட்டு, நாலாவது பாட்டிலைத் திறக்க ஆரம்பித்தார்.

கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்தும் பேசவில்லை. டிகிரி இரண்டு ஆண்டுகளாகப் பயந்தது திட்டு விழும் என்று. இப்படி ஒரு மௌனம் விழும் என்று அவர் நினைக்கவில்லை. திட்டுக்குப் பதில் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கலாம். இதற்கு என்ன செய்வது? அவருடைய கை சட்டைப் பைத் தெர்மாமீட்டருக்கும் முழங்காலுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தது.

நாலாவது நல்ல ஒயின் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், ஆனால் கப்பல்காரரின் குரலில் அந்தப் பழைய அழுத்தம் இல்லை. அப்போது டிகிரியின் மனைவி, பேச்சுக்கு நடுவில், நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் அவர் அதைத் திறந்து பார்த்ததில்லை. சும்மாதான் புரட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போலப் பின்பக்கங்களுக்குப் போனார்.

“நான் ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப இதை யாரு பார்த்துக்கிட்டா?” என்றார். “இதோ, அந்த நாள்லயும் எழுதியிருக்கே. நீங்கதான் என்னை விட்டு நகரவே இல்லையே. யாரைங்க அனுப்புனீங்க?”

டிகிரி வாயைத் திறப்பதற்குள் கப்பல்காரர் பேசிவிட்டார்.

“நான்தாம்மா. சாவி வாங்கிட்டுப் போய் நான்தான் பார்த்து எழுதினேன்.”

தயங்காமல், கிளாஸைச் சுழற்றியபடியே சொன்னார். நாற்பது வருடம் ஒரு பொய் எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற விடாத மனிதர். அதற்காக ஒருமுறை தனக்கு மேலே இருந்த அதிகாரியோடு சண்டை போட்டு, ஒரு வருடம் வேலையில்லாமல் கரையில் கிடந்தவர். அவர் மனைவி வியப்போடு அவரைத் திரும்பிப் பார்த்தார். டிகிரியின் மனைவி, அப்படியா என்று நன்றியோடு தலையை ஆட்டி நோட்டை மூடப் போனார். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

“முப்பத்து நாலு” என்றார் டிகிரி.

யாருக்கும் புரியவில்லை. கிளாஸில் இருக்கும் ஒயினின் வயதைச் சொல்கிறார் என்று பல்டாக்டர் நினைத்தாராம்.

“அறை முப்பத்து நாலு டிகிரி இருந்துச்சு. பதினோரு நாளும் யாரும் போகல. நான் வந்து பொய்யா எழுதினேன்.” பிறகு தன் மனைவியைப் பார்க்காமல், கெப்பாசிட்டர், கார்க், ஒரே இரவில் ஏழுக்கு இறக்கியது, பல்டாக்டரின் பத்திரிகை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னார். வாடிக்கையாளரிடம் பழுதை விளக்கும் அதே குரல். சொல்லி முடித்ததும் தட்டிலிருந்த ஆறிப்போன கறியில் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார்.

முதலில் பேசியது மனைவி. “ரெண்டு வருஷமா?”

அவர் தலையை ஆட்டினார்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா உன்னாலதான்னு நெனப்ப.”

“நெனச்சிருப்பேன். ஒரு நாள் பூரா நெனச்சிருப்பேன். மறுநாள் துணி வெட்டப் போயிருப்பேன்.” அவர் நோட்டை மூடினார். “நீங்க ரெண்டு வருஷமா உங்களையே வெட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க.”

கப்பல்காரரின் முகம் சிவந்திருந்தது. ஒயினால் அல்ல. பொய் சொல்லி அது வீணாய்ப் போன கோபமும் அதில் இருந்திருக்கலாம். அவர் பாட்டில்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “மெஷின் நின்னா நின்னுச்சுன்னு எழுது” என்றார். “நின்ன மெஷினோட கப்பல் கரை சேர்ந்திருக்கு. பொய்க் கணக்கோட போன கப்பல் எதுவும் எனக்குத் தெரிஞ்சு ஒழுங்காப் போனதில்ல. பாட்டில் உன்னோடதா இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.” அவர் மனைவி அவருடைய முழங்கையில் கை வைத்தார். அவர் அதை எடுத்துவிடவும் இல்லை, பேச்சைத் தொடரவும் இல்லை.

ஐந்தாவதைத் திறப்பதா வேண்டாமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பல்டாக்டர்தான், நோயாளியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது என்றார். ஐந்தாவது உயிரில்லாமல் இருந்தது. கெட்டுப்போகவில்லை, ஆனால் சொல்வதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. ஆறாவதுதான் எல்லாவற்றிலும் மூத்தது, நாற்பத்துநாலு வருடம். அதன் கார்க்கில் சிவப்புக் கோடு மேல்வரை ஏறியிருந்தது. டிகிரி அதைப் பார்த்தார். கப்பல்காரரும் பார்த்தார். ஊற்றிய முதல் கால் மணி நேரம் அந்த ஒயின் இருந்த இருப்பை வருணிக்க முயல மாட்டேன். மற்ற ஐந்தையும் மறந்துபோனோம் என்று மட்டும் சொல்லலாம். பிறகு அது கண்ணெதிரே, கிளாஸிலேயே, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் புளித்த நீராக அடங்கியது.

டிகிரிக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது. “டாக்டர், மூணாவதும் அஞ்சாவதும் சூட்டால போச்சா, வயசால போச்சா?”

“செத்த பல்லைப் பிடுங்கி வெளிச்சத்துல பார்த்தாக்கூட எதால செத்துச்சுன்னு எல்லா நேரமும் சொல்ல முடியாது” என்றார் பல்டாக்டர். “நல்லாருந்த பாட்டிலும் அதே அறையிலதான் இருந்துச்சு.”

விளைவைக் கையில் வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடுகிறவர்கள் எல்லோரும் எங்காவது ஓரிடத்தில் இப்படித்தான் நிற்கிறார்கள். பெரிய மூளைகள் இதற்குப் பல விடை சொல்லியிருக்கின்றன. அந்தத் தோட்டத்தில் அவற்றில் ஒன்றாலும் பயன் இருந்திருக்காது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கப்பல்காரர் உள்ளே போய் ஒரு பேனாவோடு வந்தார். நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து, டிகிரியின் முன்னால் வைத்தார்.

“திருத்து.”

“எப்படிண்ணா? கடைசி நாள் நம்பர்தான் தெரியும். மத்த நாள்ல எவ்வளவு இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுன்னு எழுது.”

டிகிரி ஒவ்வொரு எண்ணின் மேலும் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தெரியாது என்று எழுதினார். இருபத்தொரு முறை. கடைசி வரியில் 34. எழுதி முடிக்கும்வரை யாரும் மேசையை விட்டு எழவில்லை. அவர் மனைவி துணியிலிருந்து குண்டூசிகளை எடுத்துத் தன் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

மீதி ஆறு பாட்டில்கள் இன்னும் நிலவறையில் இருந்தன. காரில் ஏறும்போது டிகிரி, அவற்றைத் திங்கட்கிழமை கொண்டு வந்து கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் அவர் மேசையில் உட்கார்ந்த நேரம் முழுக்கத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

கப்பல்காரர் கார் கதவைச் சாத்தினார். “அங்கேயே இருக்கட்டும்” என்றார் பிறகு. “மாசம் ஒரு தடவை நோட்டை மட்டும் எங்கிட்ட காட்டு.”

இந்த விருந்துக்கு முன்வரை பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் நோட்டைக் கேட்டதில்லை. டிகிரி சரி என்றார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை டிகிரி நோட்டோடு போனார். நானும் அன்று வேறு வேலையாக அங்கே இருந்தேன். கப்பல்காரர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்யவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, மாதம் முழுவதையும் படித்தார். டிகிரி எதிரில் நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

விரல் ஓரிடத்தில் நின்றது.

“பதினேழாம் தேதி சாயங்காலம் காலியா இருக்கே.”

“அன்னைக்குப் பார்க்க மறந்துட்டேன்.”

கப்பல்காரர் இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். “சரி” என்று சொல்லிவிட்டு விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.